தோல் கையுறையும் வெள்ளைப் பசையும்

போன வாரம் நிவேதிதா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள்.

"மேடம், புது மெஷின் வந்தாச்சு. பிரஷ்ஷை வெச்சு இழுத்தா கரண்ட்லயே கலர் போயிடுது. இனிமே பேஸ்ட் அவ்வளவா வேண்டாம். அந்த ஆசிட் ரூமுக்கு எதுக்கு இத்தனை ரூல்ஸ், பூட்டுன்னு பசங்க சிரிக்கறாங்க. நீங்க ஒரு பேஜ் எழுதிக் கொடுங்களேன், டிரெய்னிங்ல வெச்சுக்கறேன்."

ஒரு பக்கமாம். சிரிக்கிறார்களாம். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்கப்புறம் மொட்டை மாடியில் காய்ந்த துணி மழையில் நனைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு எரிச்சல். நிவேதிதா, இது ஒரு பக்கத்தில் அடங்காது. வேண்டியதை வெட்டிக்கொள்.

முதலில் இந்தக் 'கலர்' என்ற சொல். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். காலி எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் அடியில் நீலமும் ஊதாவுமாக ஏறுமே, அதேதான் வெல்டிங் போட்ட இடத்திலும் ஏறுகிறது. இரண்டு தகடு சேர்கிற அந்தத் தையலின் இரு பக்கமும் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று பட்டை பட்டையாக. பார்ப்பவர்கள் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள். துடைத்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். சிலர் அழகு என்றே நினைக்கிறார்கள். எங்கள் விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர், "வானவில் மாதிரி இருக்கு மேடம், விட்டுடலாமே" என்று என்னிடமே சொன்னார். பால் பண்ணைக்குப் போகிற தொட்டியைப் பார்த்து.

எவர்சில்வர் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர்மேல் எனக்குத் தீராத கோபம். என்றைக்கும் வெள்ளியாகவே இருக்கும் என்று ஊரையே நம்ப வைத்துவிட்டார். அது துருப்பிடிக்காமல் இருப்பது உள்ளே கலந்திருக்கும் குரோமியத்தால். கண்ணுக்குத் தெரியாத தோல்போல மேலே படர்ந்து காக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தக் குரோமியம் மேலே இழுபட்டு வண்ணப் படலத்துக்குள் போய்விடுகிறது. அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய ஏடு சத்தில்லாமல் நிற்கிறது. வண்ணத்தை மட்டும் தேய்த்து எடுத்தால் பளபளவென்றுதான் இருக்கும். சில மாதங்களில் அதே கோட்டில் துரு கிளம்பும். பாலோ மருந்தோ நிற்கிற தொட்டியில் அப்படி ஒரு கோடு கிளம்பினால், உள்ளே கிருமி தங்க இடம் கிடைத்தது என்று அர்த்தம். அதனால் வண்ணத்தோடு சத்திழந்த ஏட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். அமிலம்தான் அதைச் செய்கிறது. புது மெஷினிலும் மின்சாரத்தோடு ஒரு அமிலம் இருக்கிறது, நிவேதிதா. அது தண்ணீர் அல்ல. அதைச் சிரிக்கிறவர்களிடம் முதலில் சொல்.

நான் இந்த வேலைக்கு வந்தது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் கெமிஸ்ட்ரி படித்தேன். ஹெப்பாள் தொழிற்பேட்டையில், பால் பண்ணைகளுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் தொட்டி செய்கிற இடத்தில் ஆய்வகத்துக்கு ஆள் எடுத்தார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, கெமிஸ்ட்ரி படித்த பெண்தானே என்று அமில வேலையையும் என் தலையில் கட்டினார்கள். முதல் வருஷம் கற்றுக்கொண்டதெல்லாம் பிறர் கெடுத்ததைப் பார்த்துத்தான். இரும்பு கேட்டைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷால் யாரோ எவர்சில்வர் தொட்டியைத் தேய்த்து அனுப்பிவிட்டார்கள். இரும்புத் துகள் அதில் பதிந்து, தொட்டி முழுக்க அம்மை போட்டது மாதிரி துருப்புள்ளிகளோடு திரும்பி வந்தது. தேய்த்தவர் கேட்டார், "அதுவும் பிரஷ், இதுவும் பிரஷ். என்ன வித்தியாசம்?" இந்தக் கேள்வி வேறு வேறு பொருளின் பெயரில் ஓய்வு பெறும் வரை என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

வேலை முறையைச் சொல்கிறேன். பசை வெள்ளையாக, கெட்டியாக, தயிர் மாதிரி இருக்கும். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் கலந்தது. பூசுமுன் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இல்லாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை அந்த இடத்தைத் தொடாது. பசையை நன்றாகக் கலக்கி, பிளாஸ்டிக் நார் பிரஷ்ஷால் தையலின் மேல் தடிமனாக வைக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி இழுக்கக் கூடாது, அப்பி வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை வெயில் சொல்லும். மார்கழிக் காலையில் மைசூர்க் குளிருக்கு அது சோம்பலாக வேலை செய்யும். சித்திரையில் அவசரப்படும். எந்த மாதமானாலும் காய விடக் கூடாது. காய்ந்தால் கறை தனியாக ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்க இன்னொரு வேலை. பிறகு வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் சுண்ணாம்புக் குழிக்குப் போக வேண்டும், சாக்கடைக்கு அல்ல. தையலில் லிட்மஸ் தாளை ஒற்றி, அமிலம் மிச்சமில்லை என்று பார்க்க வேண்டும். கடைசிக் கழுவல் உப்பு நீக்கிய தண்ணீரில். எங்கள் போர்வெல் தண்ணீரில் கழுவினால் மறுபடி கறைக்கு நாமே விதை போட்டதாகும். அப்புறம் ஈரத்தோடு விட்டு, மறுநாள் வந்து பழுப்புப் புள்ளி தெரிகிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் என்றால் மறுநாள். "இப்பவே பார்த்துடுங்களேன் மேடம்" என்று கேட்காத டிஸ்பாட்ச்காரர் பிறக்கவில்லை.

அந்த இரண்டாவது அமிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை இழுத்துக்கொள்வோம். இது பட்ட இடத்தில் பல நேரம் ஒன்றும் தெரியாது. சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கி உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துத் தின்னும். எலும்பு வரை போகும். வலி தெரியும்போது அது வெகுதூரம் போயிருக்கும். இதற்கென்று கால்சியம் ஜெல் இருக்கிறது. கழுவிவிட்டு, வலி நின்ற பிறகும் விடாமல் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் அந்த ஜெல் ஸ்டோர்ஸ் அறை அலமாரியில் பூட்டி இருந்தது. விலை உயர்ந்த சாமான், காணாமல் போய்விடுமாம். பசை டப்பாக்கள் ஷெட்டின் மூலையில் யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி அடுக்கி இருந்தன. விஷம் திறந்து கிடந்தது, மருந்து பூட்டிக் கிடந்தது.

இதை மாற்றச் சொல்லி நான் கேட்டது எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் மூர்த்தி சாரிடம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. ஒல்லியான மனிதர். நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஷெட்டை அளந்துகொண்டே இருப்பார். சட்டைப் பையில் பேனா அளவு டார்ச். தையலைச் சோதிக்கும்போது வெளிச்சத்தை நேராக அடிக்க மாட்டார், தகட்டோடு தகடாகப் படுக்க வைத்து அடிப்பார். மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும். அப்படிப் பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். குரலை உயர்த்த மாட்டார். ஒவ்வொருவர் வீட்டிலும் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குப் பரீட்சை என்று ஞாபகம் வைத்து விசாரிப்பார். குறை என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. எதைக் கேட்டாலும் 'நோடோணா' என்பார். கன்னடத்தில், பார்க்கலாம்.

அமில வேலைக்குத் தனி அறை வேண்டும் சார். நோடோணா. மேலே பட்டால் குளிக்க ஒரு ஷவர் வேண்டும். நோடோணா. ஜெல் பசையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நோடோணா. வெல்டிங் போடும்போதே ஆர்கான் வாயுவைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுச் சூடு ஆறும் வரை காற்றுப் படாமல் காத்தால் இவ்வளவு நீலம் ஏறாது சார், பசையும் குறையும். அதற்குத் தலையை ஆட்டி, புன்னகைத்து, நோடோணா. மறுத்தால் சண்டை போடலாம். ஒப்புக்கொண்டால் நன்றி சொல்லலாம். நோடோணாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி மாதேஷ்.

மாதேஷ் எங்களிடம் இருந்த வெல்டர்களில் முதல் தரம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம், மார்டள்ளிக்குக் கிட்டத்தில் ஒரு கிராமம். கொங்குத் தமிழ் வாடை அடிக்கிற பேச்சு. ஷெட்டில் எல்லோரும் கன்னடத்தில் பேச, நாங்கள் இரண்டு பேர் மட்டும் தமிழில் பேசிக்கொள்வோம். அதனால் மற்றவர்களுக்கு மேடமாக இருந்த நான் அவனுக்கு அக்கா. கை அவ்வளவு சீராக ஓடும். வலது கையில் வெல்டிங் டார்ச், இடது கையில் உருகி இடைவெளியை நிரப்புகிற ஃபில்லர் கம்பி. கம்பியை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலில்தான் தையலின் அழகே இருக்கிறது. அவன் போட்ட தையல், நாணயங்களைச் சரித்து அடுக்கின மாதிரி இருக்கும்.

அந்த நாள் ஒரு பால் தொட்டி கிளம்ப வேண்டியிருந்தது. வாங்குகிறவர்களின் ஆய்வாளர் வந்திருந்தார். நான் அவரோடு ஆய்வகத்தில் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பசை பூசுகிற ஆள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். தொட்டிக்குள் ஆள் இறங்குகிற மேன்ஹோல் வளையத்தின் உள் தையல் மட்டும் பாக்கி. யாராவது போட்டுவிடுங்கள் என்று மூர்த்தி சார் சொல்லியிருக்கிறார். மாதேஷ் போட்டுவிட்டான். பசை பூசுவதை அவன் நூறு முறை பார்த்திருக்கிறான். ஒழுங்காகவே பூசியிருந்தான், அதையும் சொல்ல வேண்டும்.

மதியத் தேநீருக்கு வெளியே வந்தேன். எல்லோரும் கிளாஸோடு நிற்க, இவன் இடது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான். முகம் வியர்த்திருந்தது. வெயில்கூட இல்லை.

"என்ன மாதேஷ், கை?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. காலையில மேன்ஹோல்ல பேஸ்ட் போட்டனுங்க. விரலு கொஞ்சம் குத்துது."

கையைப் பிடித்து இழுத்தேன். "காட்டு."

ஆள்காட்டி விரல். நகத்தைச் சுற்றி வெளுத்து, ஊறின மாதிரி இருந்தது. அவ்வளவுதான். கொப்புளம் இல்லை, ரத்தம் இல்லை.

"கிளவுஸ் போட்டியா இல்லையா?"

"போட்டிருந்தனுங்க. போடாம செய்வனா?"

அவன் காட்டிய கையுறை வெல்டிங் மேஜையில் கிடந்தது. தோல் கையுறை. வெல்டிங் சூட்டுக்குப் போடுவது. விரல் நுனி ஈரமாக இருந்தது. தோல் பசையை உறிஞ்சிக்கொண்டு, காலையிலிருந்து விரலோடு வைத்து ஒத்தடம் கொடுத்திருக்கிறது. முழங்கை வரை வருகிற பச்சை ரப்பர் கையுறை அமில மூலையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது கிளவுஸா?" என்று கத்தினேன்.

"பின்ன இது என்னங்க?" என்றான். வலியிலும் அவனுக்கு ரோஷம்.

குழாயில் அவன் கையை வைத்துவிட்டு ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். ஸ்டோர்ஸ்காரர் இருந்தார். சாவியும் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எந்த செக்‌ஷன் கணக்குல எழுத?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. தமிழில் சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அலமாரியைத் திறந்துவிட்டார்.

மூர்த்தி சார் தன் காரையே எடுத்தார். பின்னிருக்கையில் நான் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். மாதேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "ஆர்கானைத் திறந்து விட்டுட்டு வந்துட்டனுங்க. யாருக்காச்சும் போன் போடுங்க, மூடச் சொல்லுங்க." ரிங் ரோடு சிக்னலில் கார் நின்றபோது விரலைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக முனகினான். மூர்த்தி சார் திரும்பிப் பார்க்காமலே, "ஏனூ ஆகல்ல, நோடோணா" என்றார். ஒன்றும் ஆகாது, பார்க்கலாம். காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாமா என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் பொறுப்பில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். அமிலத்தின் பெயரைச் சொன்னதுமே எழுந்து நின்றார். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். உடனே தன் சீனியரைக் கூப்பிட்டார். கால்சியம் குறைந்தால் இதயம் தடுமாறும் என்று மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, நகத்தின் பாதியை வெட்டி எடுத்தார்கள், மருந்து அடியில் இறங்க வேண்டுமே. பிறகு ஒரு ரப்பர் கையுறைக்குள் ஜெல்லைப் பிதுக்கி நிறைத்து, அதற்குள் அவன் கையை விட்டு மணிக்கட்டில் கட்டினார்கள். ரப்பர் கையுறையைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இதைக் காலையிலேயே போட்டிருந்தால் என்ன என்று அவன் மனைவி வந்து நிற்கும்போது சொல்லியும்விட்டேன். அவள் அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

விரல் பிழைத்தது. நுனி மட்டும் மரத்துப்போனது.

மறுநாள் ஆபீஸில் விசாரணை. என்ன நடந்தது என்று கேட்டார்கள். "சரியான கையுறை போடவில்லை. சரியான கையுறை எது என்று அவனுக்கு யாரும் சொல்லவுமில்லை" என்றேன். தட்டச்சாகி வந்ததில் 'கையுறை போடவில்லை, கவனக்குறைவு' என்று இருந்தது. 'சரியான' என்ற சொல்லைக் காணோம். இரண்டாவது வாக்கியமே இல்லை. அதற்குள் அந்தத் தாளை ஆஸ்பத்திரியில் இருந்த மாதேஷிடம் யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். மேடம் சொன்னது என்று சொல்லி.

நான் மூர்த்தி சாரிடம் போனேன். அந்த வரியைத் திருத்த வேண்டும். ஜெல் வெளியே வர வேண்டும். ஷவர், தனி அறை, பசை டப்பாவோடு சேர்த்து ரப்பர் கையுறை. நேற்று நடந்த பிறகாவது.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "நோடோணா" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பெரிய பூட்டு ஒன்று வாங்கினேன். மறுநாள் பசை டப்பாக்கள் அத்தனையையும் பழைய கம்ப்ரசர் அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பொய் இல்லை, கோபத்தில் தலை வெடித்துக்கொண்டிருந்தது. பசை இல்லாமல் எந்தத் தொட்டியும் முடியாது. முடியாத தொட்டி லாரியில் ஏறாது.

அடுத்த நாள் காலை மூர்த்தி சாரின் ஸ்கூட்டர் விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. என் கணவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூர்த்தி சார் சோபாவில் உட்கார்ந்தார். வண்டியில் தவிர அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். கன்னடத்தில்தான் பேசினோம்.

"லாரி நிக்குதும்மா."

"நிக்கட்டும் சார்."

"சாவி கொடுங்க. எல்லாம் பண்ணிடலாம்."

"பண்ணிட்டு வாங்க, சாவி தரேன்."

காபியைத் தொடாமலே சொன்னார். "நான் ஒவ்வொரு தடவையும் முதலாளிகிட்டக் கேட்டேன். நீங்க நினைக்கிற மாதிரி சும்மா இருக்கல. ஒவ்வொரு தடவையும் முடியாதுன்னுதான் சொன்னாங்க. அதை வந்து உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க இவ்வளவு பிரயாசைப்படறீங்க."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் எரிச்சல்தான் வந்தது. "முடியாதுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் நேரா அவங்ககிட்டப் போயிருப்பேனே சார். இத்தனை வருஷம் நீங்க பார்க்கறீங்கன்னு நான் காத்துட்டிருந்தேன். அவன் விரல் போச்சு."

போனை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"இங்கிருந்தே போன் பண்ணுங்க" என்றேன்.

பண்ணினார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் முதலாளி கத்துவது எனக்கும் கேட்டது. லாரி, பால் பண்ணை, அந்தம்மாவை வேலையை விட்டு எடுத்துவிடு. மூர்த்தி சார் முழுதும் கேட்டார். பிறகு, "ஆகல்ல சார்" என்றார். முடியாது. இன்னும் ஏதோ கத்தல். "ஆகல்ல சார். அவங்க கேக்கறது வர்ற வரைக்கும் நானும் பூட்டைத் திறக்க மாட்டேன்" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. போனை வைத்தார். காபி ஆறி ஆடை படிந்திருந்தது, அதை அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

எல்லாம் வந்தது. கம்ப்ரசர் அறையே அமில அறையானது. ஷவர் வந்தது. ஜெல் கதவில்லாத பெட்டியில், கைக்கு எட்டுகிற உயரத்தில். பசைக்குத்தான் பூட்டு, அதற்கும் இரண்டு. நிவேதிதா, சிரிக்கிறவர்களிடம் சொல், அந்தப் பூட்டுகளில் ஒன்று நான் கடையில் வாங்கினது.

விசாரணைத் தாளிலும் 'சரியான' என்ற சொல் திரும்பி ஏறியது. ஆனால் திருத்திய தாளை மாதேஷிடம் யாரும் படித்துக் காட்டவில்லை. நான் போய்ச் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றான். 'அக்கா' போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பூட்டும் வாங்க முடியாது.

அவன் வேலைக்குத் திரும்பி வந்தபோது தையல் கோணியது. கம்பியைத் தள்ளுகிற விரலில் உணர்ச்சி இல்லை. எங்கே நிற்கிறது, எவ்வளவு போனது என்று தெரியாமல் ஒரு இடத்தில் குவியும், ஒரு இடத்தில் பள்ளம் விழும். மூர்த்தி சார் பேக்கிங்குக்கு மாற்றலாம் என்றார். நான் அமில அறைக்கு எடுத்துக்கொள்கிறேன், கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாதேஷ் மூர்த்தி சாரிடம்தான் பதில் சொன்னான், என்னிடம் இல்லை. "அந்த ரூம் வாசப்படியில காலு வெக்க மாட்டனுங்க. பேக்கிங்குக்கும் போக மாட்டேன். கொஞ்ச நாள் விடுங்க."

ஷெட்டின் பின்பக்கம் கழிவுத் தகடுகளை வைத்துக்கொண்டு பழகினான். கம்பியைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் மாற்றினான். சாப்பாட்டு நேரமெல்லாம் அங்கேதான். கோணல் கோணலாகத் துண்டுகள் குவிந்தன. நான் அந்தப் பக்கம் போனால் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொள்வான். அவனைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாமல், சொல்லாமலும் இருக்க முடியாமல் நான் பட்ட எரிச்சலைத் தனியாக எழுதலாம். கழிவுத் துண்டுகளை அவன் போன பிறகு எடுத்துப் பார்ப்பேன். மாதம் போகப் போகக் கோணல் குறைந்தது. பிறகு வேறொன்றையும் கவனித்தேன். நிறமும் குறைந்துகொண்டே வந்தது. நீலம் போய் ஊதா, ஊதா போய் வைக்கோல் நிறம்.

வெல்டிங் டார்ச்சின் பின்னால் தகட்டில் சிறு பெட்டி ஒன்று செய்து பொருத்தியிருந்தான். அடியில் வலை. டார்ச் நகர நகர அதன் வழியாக ஆர்கான், ஆறாத தையலின் மேல் வழிந்துகொண்டே வரும். காற்றுப் படாவிட்டால் நிறம் ஏறாது. உள்பக்கமும் அதே மாதிரி அடைத்து வாயு விட்டான். நான் வருஷக்கணக்கில் கேட்டு நோடோணா வாங்கிய அதே விஷயம். எனக்கு அது ஒரு யோசனையாக இருந்தது. அவனுக்கு அது அந்த அறை வாசற்படியில் கால் வைக்காமல் இருக்கும் வழி. சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. மூர்த்தி சார் அந்த ஆளிடம் "ஆகல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பழகிவிட்டது அவருக்கு.

கடைசியில் ஒரு நாள் முழுத் தொட்டி ஒன்றைத் தானே தைத்து முடித்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். விபத்துக்குப் பிறகு அவனாக வந்தது அதுவே முதல் தடவை.

"வந்து பாருங்க மேடம். பேஸ்ட் வேண்டாமுங்க."

பேனா டார்ச்சைத் தகட்டோடு படுக்க வைத்து, தையல் முழுக்க அங்குலம் அங்குலமாகப் போனேன். வெள்ளியாக இருந்தது. பழைய அவன் கைதான். அவன் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அடியில், பால் வெளியேறும் குழாய் சேருகிற மூலையில், அவனுடைய பெட்டி நுழைய இடமில்லாத இடத்தில், ஒரு விரல்கடை அளவு நீலம்.

விட்டிருக்கலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அது பால் வெளியேறுகிற இடம்.

"இங்க வேணும், மாதேஷ்."

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். "அத்தன நீளத்துக்கு நல்லா இருக்குது. இது ஒண்ணுதான் உங்க கண்ணுல படுமுங்களா?"

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பசை பூசுகிற ஆள் சாப்பிடப் போயிருந்தார். நானே பூசிவிடலாம் என்று அமில அறையைத் திறந்து, ஆணியிலிருந்து பச்சைக் கையுறைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாதேஷ் வாசலுக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தான், உள்ளே வரவில்லை. கையை நீட்டினான். "கொடுங்க அத."

கொடுத்தேன். ஒரு கையுறையில் காற்றைப் பிடித்து வாயை முறுக்கி, வாளித் தண்ணீரில் அமுக்கினான். குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். திருப்பிப் போட்டு மறுபடி அமுக்கினான். ஒவ்வொரு விரலாகப் பிதுக்கிப் பார்த்தான். துணியில் ஈரத்தை ஒற்றிவிட்டு அடுத்ததை எடுத்தான். அதையும் முதலிலிருந்து. ஹாரன் மறுபடி அடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எவ்வளவு நேரம் பார்ப்ப? ஒரு விரல்கடை இடம் அது."

நிமிராமலே கேட்டான். "அவசரமுங்களா மேடம்?"

நான் வாளியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவன் மிச்சமிருந்த விரல்களையும் அமுக்கிப் பார்த்து முடித்தான். பிறகு கையுறையின் வாயை அகல விரித்துப் பிடித்தான், நான் கையை விடுவதற்கு.